படுக்க வைத்த தொட்டி: ஒன்றரை வருடம் வைத்துப் பார்த்ததில்

போன வருடம் தை மாதம். சேலத்தில் மீன் தொட்டி ஒட்டிக் கொடுக்கும் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய் அளவு சொன்னேன்: நீளம் 3 அடி, அகலம் 1½ அடி, உயரம் 1 அடி. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்த கடைக்கார அண்ணன் உயரத்தில் வந்து நின்றுவிட்டார். "அகலத்தையும் உயரத்தையும் மாத்திச் சொல்றீங்க தம்பி." இல்லீங்கண்ணா, இதேதான் வேணும் என்றேன். "அப்ப இது தொட்டி இல்லீங்க, தாம்பாளம்" என்று சிரித்தார். பக்கத்தில் விற்பனைக்கு நின்ற 3க்கு 1க்கு 1½ தொட்டியைத் தட்டிக் காட்டி, "இதையே படுக்க வெச்ச மாதிரிதான் வரும், தண்ணியும் அதே அளவுதான் புடிக்கும், எதுக்கு இந்த வம்பு?"

அவர் கேலியாகச் சொன்னதுதான் விஷயமே. இரண்டும் 4½ கன அடிதான், விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 127 லிட்டர். ஆனால் நிற்கிற தொட்டிக்குத் தரை 3 சதுர அடி, படுத்த தொட்டிக்கு 4½. நான் வளர்க்க நினைத்தது அபிஸ்டோகிராமா, அதிலும் காக்கட்டூ என்று கடைகளில் சொல்கிற ககாட்டுவாய்டிஸ். அமேசான் பக்கத்துச் சின்ன ஓடைகளில், உதிர்ந்த இலை மெத்தைக்குள் புகுந்து வாழ்கிற மீன். ஆண் 8 சென்டிமீட்டர் வந்தால் பெரிது, பெண் 5. வாழ்நாள் முழுக்கத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கும். அதற்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நின்றாலும் அதற்குப் பயனில்லை. மூன்று மாடி கட்டிக் கொடுத்தாலும் மாடு மேயத் தரைதானே வேண்டும்?

இது சிக்லிட் என்கிற மீன் குடும்பம். நம் ஊரில் சிக்லிட் என்றாலே ஆஸ்கர், பிளவர்ஹார்ன் என்று போய்விடுகிறார்கள். கேரளாவில் வாழை இலையில் பொரித்துத் தருகிற கரிமீனும் அதே குடும்பம்தான். இந்தக் குட்டி வகைகளைப் பற்றிக் கேட்டால் கடைகளில் ராம் மீனைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் கடை, தொட்டி, மண், செடி, மீன் என்று எதில் காசு உருப்படியாகப் போனது, எதில் வீணானது என்று எழுதுகிறேன். நான்கு பேர் கேட்டுவிட்டார்கள், நான்கு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

முதலில் தொட்டி. 8 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி, மேல் விளிம்பு பாலிஷ், கறுப்பு சிலிக்கான், மேலே பட்டை எதுவும் ஒட்ட வேண்டாம் என்று சொல்லி 3,800 ரூபாய். பட்டை இல்லாமல் தாங்குமா என்று அம்மாவுக்குச் சந்தேகம். தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது, அகலத்தைப் பொறுத்தது இல்லை. 1 அடி உயரத்துக்கு 8 மில்லி தாராளம். இரும்பு குறைந்த தெளிவான கண்ணாடியில் கேட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார், வேண்டாம் என்றேன். அது சரியான முடிவுதான். இந்தத் தொட்டியை நான் முக்கால்வாசி நேரம் மேலிருந்துதான் பார்க்கிறேன். பக்கத்துக் கண்ணாடியின் லேசான பச்சை கண்ணிலேயே படுவதில்லை.

நான்கு நாளில் தருகிறேன் என்றவர் ஒன்பதாம் நாள்தான் தந்தார். அது பரவாயில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்து, மேலே வைத்துத் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் காலை ஒரு மூலையில் காகிதம் ஈரம். பெரிய ஒழுகல் இல்லை, வியர்த்த மாதிரி. நேராகக் கூடத்தில் வைத்து மண்ணும் செடியும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. திருப்பி எடுத்துப் போனேன். முகம் சுளிக்காமல் அந்த மூலையைப் பிளேடால் அறுத்துச் சுத்தம் செய்து காசு வாங்காமல் மறுபடி ஒட்டித் தந்தார். அதனால் அந்தக் கடைக்கு என்னிடம் இன்னும் மரியாதை இருக்கிறது. நீங்கள் யாரிடம் செய்தாலும் இரண்டு விஷயம் கேளுங்கள். குளியலறைக்குப் போடுகிற, பூஞ்சை பிடிக்காத வகை சிலிக்கானாக இருக்கக் கூடாது, அதில் இருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. அப்புறம், ஒட்டியபின் வினிகர் வாடை முழுக்கப் போகும் வரை, ஒரு வாரமாவது, தண்ணீர் காட்டக் கூடாது.

ஸ்டாண்ட் சதுரக் குழாயில் வெல்டிங் செய்தது, மேலே கடப்பாக் கல், அதன்மேல் அரை அங்குல தெர்மாகோல். கண்ணாடி 24 கிலோ, மண் 20 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்று எல்லாம் சேர்த்து 150 கிலோவை நெருங்கும். ஒரு சங்கதி யாரும் சொல்லித் தரவில்லை. உயரமான தொட்டியில் தண்ணீர் மட்டம் அரை சென்டிமீட்டர் சாய்ந்திருந்தால் தெரியாது. இதில் உள்ளே நுழைந்ததும் அதுதான் தெரியும், சுவரில் கோணலாக மாட்டிய காலண்டர் மாதிரி. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, ஒரு காலுக்கு அடியில் தகரத் துண்டு வைத்துச் சரிசெய்தேன்.

அம்மாவின் விமர்சனம் ஒரே வரி: "மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி மாதிரி இருக்கு."

மண்ணுக்கு வருவோம். இந்த மீன் வாய் நிறைய மணலை அள்ளி, செவுள் வழியாகச் சலித்துத் துப்பிக்கொண்டே இருக்கும். சாப்பிடுகிற முறையே அதுதான். அதனால் மணல் நைஸாக, உருண்டையாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் கல்லை உடைத்து எடுப்பது, ஒவ்வொரு துணுக்கும் கூர், அதைப் போட்டால் செவுள் கிழியும். வீடு கட்டிய உறவினர் ஒருவரிடம் பழைய ஆற்று மணல் அரை மூட்டை மிச்சம் இருந்தது. கொசுவலையில் சலித்து, வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும் வரை பதினோரு தடவை கழுவினேன். 3 சென்டிமீட்டர் பரப்ப 20 கிலோ போதும். செடிக்கு உரமண் கிலோ இவ்வளவு என்று கடைகளில் விற்பதை நான் வாங்கவில்லை. வேர் விடுகிற செடிக்கு மட்டும் உர மாத்திரையை மணலுக்குள் அழுத்தி வைத்தேன்.

சேலத்துக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் அழகான வெள்ளைக் கல் எங்கே பார்த்தாலும் கிடக்கும். தொட்டிக்குள் வைத்தால் பாலில் செதுக்கின மாதிரி இருக்கும், எனக்கும் ஆசைதான். தொட்டியில் போடும் கல்லைச் சோதிக்க எல்லாரும் சொல்வது வினிகர் விட்டுப் பார்ப்பது. நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காவிட்டால் பயமில்லை என்று. இந்தக் கல் நுரைக்காது. ஏனென்றால் இது சுண்ணாம்பே இல்லை, மேக்னசைட். வெள்ளைக்காரன் பார்த்துவிட்டுச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தானே, அந்தக் கரட்டிலும் இருப்பது சாக் இல்லை, இதுதான். மெக்னீசியம் கார்பனேட், குளிர்ந்த வினிகருக்கெல்லாம் மசியாது, ஆனால் புளிப்பான தண்ணீரில் மெதுவாகக் கரைந்து கடினத்தை ஏற்றும். நான் ஒரு வாளியில் மூன்று கல்லைப் போட்டு, மேலே வாதுமை இலையும் போட்டு, ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஏறிக்கொண்டே போனது. கல்லைத் துளசி மாடத்துக்கு மாற்றிவிட்டேன்.

கட்டைக்கு ஏற்காட்டு நண்பனைக் கேட்டேன். எஸ்டேட் ஓரத்தில் பிடுங்கிப் போட்ட காப்பி வேர்க்கட்டை நிறையக் கிடக்கும், வந்து எடுத்துக்கொள் என்றான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால் என்ன அழகு, ஒவ்வொன்றும் மான் கொம்பு மாதிரி. அவன் அப்பாதான் தடுத்தார். "மீனுக்குன்னு சொல்ற, வேண்டாம் சாமி. வருசா வருசம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்ச செடி அது." இலைத்துரு நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவையைச் சொல்கிறார். மயில்துத்தம் என்றால் செம்பு. செம்பு இறாலையும் நத்தையையும் தீர்த்துவிடும், மீனுக்கும் நல்லதில்லை. கட்டைக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? வெறுங்கையோடு இறங்கினேன், கடையில் கிலோ கணக்கில் விற்கிற கட்டையை 900 ரூபாய்க்கு வாங்கி இரண்டு நாள் வேகவைத்தேன். அந்த வெந்நீர் கட்டன் டீ நிறத்தில் இருந்தது, அண்டாவைத் தேய்த்தது நான்தான்.

இலை மட்டும் இலவசம். நாட்டு வாதுமை, பாதாம் மரம் என்று சொல்வோமே, அது. எங்கள் தெருக்கோடியில் ஒரு மரம், சிவந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துப் போடுகிறேன். இதையே பத்து இலை பாக்கெட்டாக 120 ரூபாய்க்கு விற்கிறார்கள்.

செடிகளில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் உயரம் குறைவு என்பதால்தான் வந்தது. வெளிச்சம் தரை வரை போய்விடுகிறது, வைத்ததும் மெதுவாக வளர்கிற செடிகள், அதனால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர் என்று எதுவும் வாங்கவில்லை. கிரிப்டோகோரைன் வெண்டி ஆறு குட்டிச் சட்டி, அனுபியாஸ் நானா இரண்டு, ஜாவா பெரணி ஒரு கட்டு, ஜாவா பாசி கொஞ்சம். கிரிப்டோ வந்த பத்தாம் நாள் இலையெல்லாம் கரைந்து சளி மாதிரி ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக இருந்தேன், நல்லவேளை போகவில்லை. தண்ணீர் மாறினால் அது அப்படித்தான் கரையும், வேர் உயிரோடு இருக்கும், மூன்று வாரத்தில் துளிர்த்துவிட்டது. ஆனால் இந்தத் தொட்டியின் நாயகன் கடையில் வாங்கியதே இல்லை. வாழப்பாடி பக்கத்துச் சித்தப்பா வயலின் வாய்க்கால் ஓரத்தில் படர்ந்திருந்த நீர்ப்பிரம்மி. ஒரு பிடி கொண்டுவந்து, பூச்சி மருந்து பயத்தில் இரண்டு வாரம் தனி வாளியில் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்திருந்து, பின்பு நட்டேன். அடுத்த மாதமே தண்ணீருக்கு மேலே தலை நீட்டியது. உயரத் தொட்டியில் இது நடக்க எத்தனை மாதம் ஆகுமோ! இப்போது ஒரு பக்கம் முழுக்க விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது, காலையில் வெளிர் ஊதாவில் குட்டிக் குட்டிப் பூ.

வீண் செலவு விளக்கு. வேறொரு கடையில், 3 அடித் தொட்டி என்று சொன்னதும் 3 அடி நீள எல்இடி ஒன்றை 2,600 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். உயரம் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒன்றரை, இரண்டு அடி ஆழத்துக்குப் போட வேண்டிய வெளிச்சம் அது. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அதை வைத்ததும் மூன்றாம் வாரத்தில் மணல், கண்ணாடி, கட்டை எல்லாவற்றிலும் பச்சைக் கம்பளி. பின்பு விட்ட மீன்களும் இலைக்கு அடியை விட்டு வரவே இல்லை. கடைசியில் கூரைக் கொக்கியிலிருந்து கயிறு கட்டி, தண்ணீருக்கு 1½ அடி மேலே தொங்கவிட்டு, நேரத்தையும் ஆறு மணியாகக் குறைத்தபின் பாசி அடங்கியது. இப்போது வாங்குவதானால் இதில் பாதி விலையில் ஒன்று போதும்.

ஃபில்டர் விஷயத்திலும் அதே உயரக் கதைதான். பின்னால் தொங்கவிடும் ஃபில்டரை நண்பர் ஒருவர் தந்தார், அதன் உறிஞ்சு குழாய் நேராக மணலில் போய் முட்டியது. 250 ரூபாய்க்கு இரண்டு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு காற்று பம்ப், முடிந்தது வேலை. குஞ்சு பொரித்தால் உள்ளே இழுக்காது, பஞ்சில் ஒட்டியிருப்பதை மேய்வதற்கு அவை அங்கேயே கிடக்கும். மீன் விடுவதற்கு முன்பு ஐந்து வாரம் வெறும் தண்ணீராக ஓடவிட்டேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தானாகக் குடியேற ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும்.

இனி வெயில். சேலத்தில் இந்தத் தொட்டி வைக்க நினைப்பவர்கள் இந்த ஒரு பத்தியைப் படித்தால்கூடப் போதும். பரப்பு அதிகம் என்றால் காற்று நன்றாகக் கரையும், அது நல்லது. ஆனால் ஆவியும் அதே அளவுக்குப் போகும். கத்திரி வெயிலில் எங்கள் கூடத்தில் தண்ணீர் 32 டிகிரிக்கு வந்துவிட்டது. காக்கட்டூவுக்கு 24 முதல் 28 வரை சுகம், 30 தாண்டினால் மூச்சு வாங்கும். மேலே ஒரு குட்டி ஃபேன் வைத்து வீசவிட்டதும் 29க்கு இறங்கியது, மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. விலை என்ன என்றால் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது சுமார் 4 லிட்டர், காணாமல் போகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். அந்த இடத்தை நான் முதல் மாதம் எங்கள் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் போர் தண்ணீர் 1,100 டிடிஎஸ், பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுகிற சாமான். ஒரு மாதத்தில் தொட்டி 700க்கு வந்து நின்றது. இப்போது வாரம் ஒருமுறை மாற்றுவதற்கு மேட்டூர்த் தண்ணீர் பாதி, ஆர்ஓ தண்ணீர் பாதி, தினமும் குறைவதை நிரப்ப ஆர்ஓ மட்டும், மழைக் காலத்தில் மொட்டை மாடி மழைத் தண்ணீர், முதல் மழையை விட்டுவிட்டு. தொட்டி 150 சுமாரில் நிற்கிறது. குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்திருந்து, அதன்பிறகு ஊற்றுகிறேன். இந்தத் தினசரி 4 லிட்டர் வேலைக்குச் சலிப்பவர் என்றால், தயவுசெய்து உயரமான தொட்டியே வாங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மீன் வாங்கின கதை தனி. ஒரு கடையில், சென்னைக் கொளத்தூரிலிருந்து மீன் பார்சல் வந்த அன்றே போய், ஜோடி 1,400 ரூபாய் என்று வாங்கினேன். ஒன்று பெரிசு, முதுகுத் துடுப்பில் முன்பக்கக் கதிர்கள் கொண்டை மாதிரி நீண்டு, வாலில் ஆரஞ்சும் கறுப்பும். இன்னொன்று சின்னது, சாம்பல். "இது ஆண், இது பெண், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. அதற்குள் என் தப்பு ஒன்று. மேலே மூடி வேண்டாம், திறந்திருந்தால்தான் அழகு என்று விட்டிருந்தேன். தண்ணீருக்கும் விளிம்புக்கும் இரண்டு அங்குலம்தான் இடைவெளி. ஒருநாள் காலை பெரிய ஆண் ஷூ ஸ்டாண்டுக்கு அடியில் கருவாடாகக் கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் இல்லை. அடுத்த இரண்டு வாரத்தில் அந்தச் 'சாம்பல் பெண்' மெல்ல வாலில் ஆரஞ்சு ஏற்றி, கொண்டை வளர்த்து, கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சண்டைக்கு நின்றது. இந்த இனத்தில் அப்படி உண்டு. பெரிய ஆண் இருக்கும் இடத்தில் சின்ன ஆண் பெண் வேடத்தில் அடங்கிக் கிடக்கும், அடி விழாமல் இருக்கவும், சமயம் பார்த்து முட்டை மேல் திருட்டுத்தனமாகப் போய்வரவும். கடைக்காரருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் 1,400 ரூபாய்க்கு இரண்டு ஆண்! பெண் என்றால் வயிற்றுக்கு அடியில் இருக்கும் ஜோடித் துடுப்பின் முன் விளிம்பு பெரும்பாலும் கறுப்பாக இருக்கும், உடம்பில் மஞ்சள் சாயல் ஓடும். அதைப் பார்க்காமல் ஜோடி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அன்றே சட்டம் அடித்து, கொசுவலை கட்டி, மேலே மூடிவிட்டேன். 180 ரூபாய். ஃபேன் காற்றும் உள்ளே போகிறது, பல்லியும் உள்ளே விழுவதில்லை.

இரண்டு பெண் மீன்களை ஈரோட்டில் வீட்டிலேயே வளர்க்கும் ஒருவரிடமிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தேன். 4½ சதுர அடியின் அருமை அப்புறம்தான் தெரிந்தது. இடது மூலைச் சிரட்டை ஒருத்திக்கு, வலது மூலை மண் கலயம் இன்னொருத்திக்கு, நடுவில் கட்டையைச் சுற்றி ஆண் ரோந்து. கட்டையும் பெரணியும் பார்வையை மறைப்பதால் அக்கா தங்கச்சிச் சண்டை எல்லையோரத்தில் முறைப்பதோடு முடிந்துவிடுகிறது. 1 அடி அகலத் தொட்டியில் இப்படி இரண்டு குடித்தனம் வைக்க முடிந்திருக்காது.

சிரட்டை என்றால் சாதாரணக் கொட்டாங்குச்சிதான். நாரைச் சுரண்டி, வேகவைத்து, கண்ணை ஒரு விரல் நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கிக் கவிழ்த்தது. கடையில் பீங்கான் குகை 350 ரூபாய், அதையும் ஒன்று வாங்கி வைத்தேன், இன்றுவரை எந்த மீனும் எட்டிப் பார்க்கவில்லை. நத்தைதான் இருக்கிறது.

முதல் தடவை, போன புரட்டாசியில், முட்டை எல்லாம் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்போது தண்ணீர் 300க்கு மேல் இருந்தது, முட்டைக்கு அது கடினம். மார்கழியில் மறுபடி. ஒருநாள் காலை விளக்குப் போட்டதும் பார்க்கிறேன், இடது மூலைக்காரி மஞ்சள் என்றால் மஞ்சள், பூசு மஞ்சள் குழைத்து அப்பின மாதிரி, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டின கறுப்புக் கோடு. சிரட்டையின் வாயில் மணலைக் குவித்து, தன் உடம்பு மட்டும் நுழைகிற அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தாள். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால், தலைகீழாக நின்று கூரையில் ஒட்டிய முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். செம்மண் நிறத்தில், கடுகைவிடச் சின்னதாக, அறுபது எழுபது இருக்கும். தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆண் அந்தப் பக்கம் வந்ததும் வெளியே பாய்ந்து வந்து அவன் விலாவில் ஒரு இடி. அவன் பேசாமல் போய்விட்டான், வேறென்ன செய்ய.

எட்டாம் நாள் மணலுக்கு மேலே ஒரு மங்கல். தூசி என்று நினைத்தேன். அந்தத் தூசி அவளோடு சேர்ந்து நகர்ந்தது. அவள் இரண்டு துடுப்பை வெடுக்கென்று உதறினால் அத்தனையும் மணலில் படுத்துவிடும், நகர்ந்தால் பின்னால் எழுந்து வரும். மேலிருந்து இதைப் பார்க்க முடிந்த அந்த அரை மணி நேரத்துக்காகவே தொட்டியைப் படுக்க வைத்தது தகும். சாய்வு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் ஓடையின் கரையில் உட்கார்ந்த மாதிரிதான். அம்மாகூடச் சீரியலை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

குஞ்சுகளுக்குத் தீனி ஆர்டீமியா, உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை. உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டுக் காற்று விட்டால் நம் ஊர் சூட்டுக்கு 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். குளிர் நாடுகளில் இதற்கு ஹீட்டர் போடுகிறார்கள், சேலம் வெயில் உதவுகிற ஒரே இடம் இது. சாக்கடைப் புழு, அதாவது டியூபிஃபெக்ஸ், மலிவு என்று வாங்காதீர்கள், நோயும் சேர்ந்து வரும்.

இந்த வருடம் சித்திரையில் ஓர் ஈடு வந்தது. அதில் 23 பிழைத்தன, இப்போது நிறம் பிரிந்து பார்த்தால் 18 ஆண். அபிஸ்டோகிராமாவில் குஞ்சுகளின் முதல் சில வாரச் சூடும் தண்ணீரின் புளிப்பும் ஆண் பெண்ணை நிர்ணயிப்பதில் பங்கு வகிக்கும். ஜெர்மன் ஆய்வாளர்கள் ரோமரும் பைசன்ஹெர்ஸும் 1996இல் இதைப் பல இனங்களில் காட்டியிருக்கிறார்கள். சூடு கூடினால் ஆண் கூடும். கத்திரியில் 29, 30இல் வளர்ந்த என் பிள்ளைகளைக் கேட்டால் ஆய்வே வேண்டாம். 18 ஆணை யாரிடம் தள்ளுவது என்று இப்போது முழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே சேலம் நகரத்துக்குள், ஏசி இல்லாத வீட்டில் வைப்பவருக்கு நான் காக்கட்டூவைவிட ராம் மீனைத்தான் சொல்வேன். வெனிசுவேலா, கொலம்பியா சமவெளியிலிருந்து வந்தது, 28 முதல் 30 அதற்குச் சொர்க்கம், நம் கூடமே போதும். குகை வேண்டாம், தட்டைக் கல்லில் முட்டையிடும். ஜோடியாக வாழும், இரண்டு வீடு கேட்காது. ஆனால் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் விற்பதை வாங்காமல், கொஞ்சம் மங்கலான, துறுதுறுவென்று மணல் சலிக்கிற குட்டிகளாகப் பார்த்து எடுங்கள். மருந்து கொடுத்து ஏற்றின நிறம் ஒரு மாதத்தில் இறங்கிவிடும், சிலசமயம் மீனும் சேர்ந்து.

ஏற்காட்டு நண்பன் என் தொட்டியைப் பார்த்துவிட்டு அதே அளவில் ஒன்று செய்துகொண்டு போனான். அவனுக்கு எல்லாம் தலைகீழ். மழைத் தண்ணீர் வேண்டிய மட்டும் இருக்கிறது, ஃபேன் வேண்டாம், தினசரி நிரப்புகிற தலைவலி இல்லை. ஆனால் மார்கழியில் தண்ணீர் 18க்கு இறங்கி, பரப்பு அதிகம் என்பதால் சூடும் அதே வேகத்தில் ஓடி, ஹீட்டர் இரவு முழுக்க எரிந்து கரன்ட் பில் எகிறிவிட்டது. நின்றபடி வைக்கிற நீள ஹீட்டர் இந்த ஆழத்தில் முழுக்க முழுகாது, படுக்க வைக்கத்தான் வேண்டும். கண்ணாடி மூடி போட்டபின் பரவாயில்லை என்கிறான். மலைக்கு போரெல்லி என்று ஓர் அபிஸ்டோ இருக்கிறது, தெற்கே பராகுவே பக்கத்தது, குளிர் தாங்கும். கிடைத்தால் அவனுக்கு அதுதான் சரி.

மொத்தம் எனக்கு ஆனது மீனோடு சேர்த்து 16,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. விளக்கு, பீங்கான் குகை, முதல் ஜோடி மூன்றும் தண்டம். மறுபடி செய்வதானால் அதே 3க்கு 1½தான், உயரத்தை மட்டும் 14 அங்குலமாக்குவேன், துள்ளுகிற மீனுக்கும் குறைகிற தண்ணீருக்கும் இரண்டு அங்குலம் கூடுதல் இடம் வேண்டும். கண்ணாடிக் கடை அண்ணன் இப்போது இந்த அளவுக்குப் பெயரே வைத்துவிட்டார். போன வாரம் போனபோது யாரோ ஒருவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தார், "படுக்கத் தொட்டி, உங்களுதுதான்" என்றார். ஈரக் காகிதச் சோதனையை இப்போது அவரே கடையில் செய்துவிடுகிறாராம்.

வலது மூலைக்காரி நேற்றிலிருந்து மஞ்சள். கலயத்துக்குள் போனவள் சாப்பிட மட்டும் வருகிறாள். நாளை மறுநாள் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரன்ட் இருக்காது என்று செய்தி வந்திருக்கிறது. பேட்டரி பம்புக்குச் செல் வாங்கி வைக்க வேண்டும்.